லேக் எங்கே அடிக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

ஆன்லைன் விளையாட்டில் எங்கள் ஐந்து பேர் அணியில் நான் ஹீலர், அடிபட்டவர்களுக்கு உயிரை ஏற்றிவிடுபவள். மற்றவர்களுக்கு லேக் (தகவல் போய்வருவதில் தாமதம்) அடித்தால் ஒரு குறி தப்பும். எனக்கு அடித்தால் யாரோ ஒருவர் செத்துவிடுவார். "அக்கா, ஹீல் போடுங்க!" என்று மைக்கில் கத்துவான் எங்கள் டேங்க், முன்னால் நின்று அடி வாங்குபவன். நான் ஏற்கெனவே போட்டிருப்பேன். என் திரையில் பச்சை வெளிச்சம் அவன்மேல் பாய்ந்திருக்கும். அவன் திரையில் ஒன்றுமே வந்திருக்காது. ஒரு நொடி கழித்து என் திரையிலும் அந்த வெளிச்சம் காணாமல் போகும், அவன் தரையில் கிடப்பான்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாம் பட்டனை அழுத்தியதும் நம் கணினி, ஆட்டத்தை நடத்தும் மையக் கணினியான சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. இதுதான் நடக்கும் என்று ஊகித்துத் திரையில் காட்டிவிடும். உண்மையில் என்ன நடந்தது என்று தீர்மானிப்பது சர்வர்தான். நம் தகவல் தாமதமாகப் போனாலோ வழியில் தொலைந்தாலோ சர்வரின் கணக்கு வேறாக இருக்கும். அது வந்து சேர்ந்ததும் நம் திரை திருத்தப்படும். ஓடிக்கொண்டிருந்த ஆளை யாரோ பின்னால் இழுத்துவிட்டதுபோல் இருப்பதும் இதனால்தான்.

ஆகவே லேக் அடித்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தகவல் எங்கே மாட்டிக்கொண்டது? வீட்டுக்குள்ளா, வழியிலா, சர்வரிலா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அது தெரியாமல் ரவுட்டரை அணைத்துப் போடுவதும், விளையாட்டை அழித்து மறுபடி நிறுவுவதும் வீண் வேலை.

அதற்கும் முன்னால் ஒன்று. நின்ற இடத்தில் நின்றபடி கேமராவை மட்டும் சுற்றிப் பாருங்கள். சுற்றும்போதே படம் திக்கினால் அது நெட் பிரச்சினை இல்லை, உங்கள் கணினியோ போனோ திணறுகிறது. சூடாகியிருக்கலாம், கிராபிக்ஸ் அளவு அதிகமாக இருக்கலாம். படம் வழவழவென்று சுற்றுகிறது, ஆனால் மற்ற ஆட்கள் மட்டும் இங்கிருந்து அங்கே தாவுகிறார்கள் என்றால் அதுதான் லேக்.

சரி, இப்போது கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு ஜன்னல்களாகத் திறந்துகொள்ளுங்கள். ஒரு சின்னத் தகவல் போய்ப் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளைதான் பிங். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் அனுப்புங்கள், பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்றில் 8.8.8.8 போன்ற வெளி முகவரி ஒன்றுக்கு. விண்டோஸில் சும்மா அனுப்பினால் நான்கே முறைதான் போகும். நிறுத்தும்வரை ஓட வைக்கிற வசதியும் அதே கட்டளையில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஓடவிட்டு ஒரு மேட்ச் ஆடுங்கள். பிங் என்ற பெயரே, நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளப்பதிலிருந்து வந்தது. 1983இல் அந்த நிரலை எழுதிய மைக் மூஸ் அப்படித்தான் பெயர் வைத்தார். நாம் செய்வதும் அதேதான்: குரல் கொடுத்துப் பார்த்து, பதில் எந்தச் சுவரிலிருந்து தாமதமாக வருகிறது என்று கேட்கிறோம்.

லேக் அடித்த கணத்தில் ரவுட்டர் ஜன்னலிலேயே எண் எகிறியிருந்தால், கோளாறு உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில். வயரில் 1 மில்லிசெகண்ட்கூட எடுக்காத தூரம் அது. வைஃபையில் சில மில்லிசெகண்ட் ஆகலாம், 80, 150 என்று தாவக் கூடாது. முடிந்தால் லேன் வயர் போடுங்கள், இதைவிட நல்ல மருந்து கிடையாது. முடியாவிட்டால் வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 5க்கு மாறுங்கள். 2.4இல் அக்கம்பக்கத்து ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் நெரிகின்றன.

ரவுட்டர் ஜன்னல் அமைதியாக இருக்க, வெளி ஜன்னல் மட்டும் எகிறுகிறதா? இதில்தான் நான் மூன்று வாரம் ஏமாந்தேன். தினமும் இரவு ஒன்பதைத் தாண்டியதும் எனக்கு 24இல் இருந்த பிங் 300, 400 என்று போகும். சர்வர்தான் காரணம் என்று அத்தனை நாளும் உறுதியாக நம்பினேன். பிறகு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: தேதி, எகிறிய நேரம், அடங்கிய நேரம், வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் அந்தக் கடைசிப் பத்தியைப் படித்ததும் தெரிந்துவிட்டது. ஐந்து நாளும் ஒரே வரி: "தம்பி வந்தான், போனைச் சார்ஜில் போட்டான்." சார்ஜில் போட்டதும் அவன் போன் அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் எல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். ஏற்றி முடிக்க நாற்பது நிமிடம். எனக்கும் சரியாக நாற்பது நிமிடம் லேக்.

இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து, அந்தப் பெயரையும் பரப்பினார். வெளியே போகும் பாதை குறுகலாக இருந்தால், மிஞ்சும் தகவலை மோடமும் ரவுட்டரும் தொலைக்காமல் வரிசையில் நிறுத்தி வைக்கும். அந்த நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது என் ஒரு சின்ன ஹீல். வேகம் போதாமல் இல்லை, வரிசைதான் நீளம். அதனால் இன்னும் பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் ஸ்மார்ட் கியூ அல்லது கியூஓஎஸ் வசதி இருக்கிறதா பாருங்கள். அப்லோடு வேகத்தைச் சோதித்து, வந்த எண்ணில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வரிசையை நிர்வகிக்கும் முறைகளில் கேக் அல்லது எஃப்கியூ கோடெல் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எங்கள் ரவுட்டரில் அந்த வசதி இல்லை. தம்பியிடம் சொல்லி, படம் ஏற்றும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டோம். அன்றிலிருந்து 24, 26, 25.

வெளி முகவரியும் ஒழுங்காக இருந்து, விளையாட்டில் மட்டும் பிங் அதிகம் என்றால் வழியைப் பார்க்க வேண்டும். முதலில் தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 5000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 50 மில்லிசெகண்ட் ஆகியே தீரும், கேபிள் நேர்கோட்டில் போகாததால் இன்னும் கூடும். எனவே விளையாட்டின் செட்டிங்ஸில் எந்த ரீஜன், அதாவது எந்தப் பகுதிச் சர்வர், தேர்வாகி இருக்கிறது என்று பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அது தானாக மாறி இருந்ததை நானே ஒருமுறை கண்டேன். தகவல் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை ஓட்டினால் நடுவில் உள்ள ஒவ்வொரு நிறுத்தமும் தெரியும். நடுவில் ஒன்று மட்டும் பதில் சொல்லாவிட்டால் பதறாதீர்கள், பல ரவுட்டர்கள் இந்தக் கேள்விக்குக் கடைசி இடம்தான் தரும். ஒரு நிறுத்தத்தில் எகிறிய எண் கடைசிவரை இறங்காமல் போனால்தான் அங்கே கோளாறு. பிங்கைக் குறைக்கும் என்று விற்கப்படும் செயலிகள் இந்த ஒரு நிலைமையில் மட்டும் வேறு வழியைக் காட்டி உதவலாம். மற்றபடி அவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக சர்வர். இதைக் கண்டுபிடிப்பது எளிது: வெவ்வேறு வீடுகளில் இருக்கும் ஐந்து பேரும் ஒரே நொடியில் உறைந்தால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை இல்லை. பிங் நன்றாக இருந்தும் ஆட்டம் கெட்டுப்போவதும் உண்டு. 64 டிக் சர்வர் என்றால் நொடிக்கு 64 முறை, அதாவது சுமார் 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை உலகத்தைக் கணக்கிட வேண்டும். சுமை ஏறினால் அந்தக் கணக்கு தவறும். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஒரே இடத்தில் மோதும்போது ஆட்டத்தின் காலத்தையே மெதுவாக்குகிறது, பத்தில் ஒரு பங்கு வேகம்வரைகூட. எல்லாருக்கும் ஒரே மாதிரி மெதுவாவதால் யாரும் ஏமாறுவதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு.

சர்வர் டவுன் என்று உறுதியானால் உங்கள் பக்கம் எதையும் மாற்றாதீர்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பார்த்துவிட்டு விலகுங்கள். ரேங்க் மேட்ச் தொடங்காதீர்கள். ஸ்கின் (ஆளின் தோற்றத்தை மாற்றும் அலங்காரம்) எதுவும் வாங்காதீர்கள், பணம் போய்ப் பொருள் வராமல் நிற்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பரிவர்த்தனை எண்ணோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "நஷ்டஈடு தருகிறோம், லாகின் செய்யுங்கள்" என்று வரும் லிங்க் எதையும் தொடாதீர்கள். கணக்கு திருடுபவர்களுக்கு இதுதான் அறுவடைக் காலம். 2021 அக்டோபர் கடைசியில் ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் 73 மணி நேரம் முடங்கியது. சரிசெய்த பிறகும் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விட்டார்கள், எல்லாரையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் மறுபடி விழும் என்பதால். எனவே சர்வர் திரும்பியதும் முதல் அரை மணி நேரம் சாதாரண மேட்ச் மட்டும் ஆடிப் பார்ப்பது எங்கள் அணியின் வழக்கம்.

அப்புறம் புகார். "சர்வர் குப்பை" என்று எழுதினால் அந்தப் பக்கம் இருப்பவர் எதைத் தேடுவார்? சர்வரின் பதிவேட்டில் அவர் தேடக்கூடியதை எழுதுங்கள். நான் கடைசியாக அனுப்பியது இப்படி இருந்தது: மேட்ச் எண், ரீஜன், உறைந்த நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் 15:42 முதல் 15:44 வரை, ஐந்து வீட்டிலும் ஒரே சமயம், என் ரவுட்டர் பிங் 1, வெளி முகவரி 25, பாக்கெட் இழப்பு (வழியில் தொலைந்த தகவல்) இல்லை. கீழே இரண்டு ஜன்னல்களின் படம். மறுநாள் பதில் வந்தது: அந்த மேட்ச்சை நீக்கி ஐந்து பேருக்கும் ரேங்க் புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.