நரம்புச் சிதைவு நோய் ட்ரையலில் டாக்டராகச் சேருகிறவர்களுக்கு

அல்சைமர், பார்க்கின்சன், ஹன்டிங்டன், தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஏ.எல்.எஸ். போன்ற நோய்களுக்கான மருந்துச் சோதனைகளுக்கு வரும் இளம் டாக்டர்கள் அமிலாய்டு, டாவ், ஆல்ஃபா சைனூக்ளின் என்று மூளையில் சேரும் புரதங்களைப் பற்றி நிறையப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் படிப்பு வீண்போகாது. ஆனால் ட்ரையலில் நம் நாளின் பெரும்பகுதி போவது எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேள்வி கேட்பதிலும், அவர் சொன்னதை ஒரு எண்ணாக எழுதுவதிலும்தான். அதனால் என்னோடு வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் ஸ்கோர் போடத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

ஏன் அதற்கு இத்தனை முக்கியத்துவம்? மூளையிலிருந்து அமிலாய்டை அகற்றும் லெகனமாப் என்ற மருந்துக்கு 2022இல் முடிவு வெளியான சோதனையைப் பாருங்கள். அல்சைமரின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த ஏறத்தாழ 1,800 பேர், 18 மாதங்கள். மருந்து பெற்றவர்களுக்கும் பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி, பெற்றவர்களுக்கும் இடையே, மறதி நோயின் தீவிரத்தை அளக்கும் சி.டி.ஆர். கூட்டு ஸ்கோரில் கிடைத்த சராசரி வித்தியாசம் 0.45. அந்த அளவுகோல் 0 முதல் 18 வரை போகிறது, எண் ஏற ஏற நிலை மோசம். தாளின் ஒரு பெட்டியில் 0 போடலாமா 0.5 போடலாமா என்று நாம் தயங்குகிறோமே, அந்த அரைப் புள்ளியே 0.45ஐ விடப் பெரியது. ஒருவர் எப்போதோ தவறினால் அது சராசரியில் கரைந்துவிடும். ஆனால் பல மையங்களில் பல டாக்டர்கள் பரிதாபப்பட்டு ஒரே பக்கமாகச் சாய்ந்தால், நல்ல மருந்து தோற்கும், உதவாத மருந்து ஜெயிக்கும். நோயாளி மேல் உங்களுக்கு இருக்கும் பிரியத்தை வேறு எதில் வேண்டுமானாலும் காட்டுங்கள். ஸ்கோர் தாளில் மட்டும் காட்டாதீர்கள்.

சி.டி.ஆர். பேட்டியில் ஆறு பகுதிகள்: ஞாபகம், காலம் இடம் பற்றிய தெளிவு, முடிவெடுக்கும் திறன், வெளி விவகாரங்கள், வீடும் பொழுதுபோக்கும், தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்வது. முதலில் உடன் வந்தவரிடம் தனியாகப் பேச வேண்டும். சமீபத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை விவரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனைவி சொல்வார்: “ஞாயித்துக்கிழமை பேத்திக்குப் பிறந்தநாள் டாக்டர். சின்னவன் குடும்பத்தோட வந்து ராத்திரி வரைக்கும் இருந்தான்.” பிறகு கணவரைத் தனியாக உட்காரவைத்து, “ஞாயித்துக்கிழமை வீட்ல ஏதாவது விசேஷமா சார்?” என்று கேட்டால், “விசேஷம்னு என்ன... பசங்க வருவாங்க, போவாங்க. சந்தோஷமா இருந்துது” என்பார். கேட்பதற்கு நிறைவான பதில்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதில் இல்லை. நாகரிகமாகப் பேசிப் பழகியவர்கள் ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை இப்படி மரியாதையான சொற்களால் மூடிவிடுவார்கள். “பேத்திக்குப் பிறந்தநாள்தானே?” என்று எடுத்துக்கொடுக்க வாய் வரும். கொடுக்காதீர்கள். சில வினாடி மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். இருக்கட்டும்.

முழங்கால் வலியால் வெளியே போவதை நிறுத்தியவருக்கு அதற்காக ஸ்கோர் ஏற்றக் கூடாது. அறிவுத்திறன் குறைந்ததால் நின்றுபோனதை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். அவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும், அடுத்த வீட்டுக்காரரோடு அல்ல. வாழ்நாளில் வரவுசெலவே பார்க்காதவரிடம் “இப்போது கணக்குப் பார்ப்பதில்லை” என்று எழுதுவதில் பொருளில்லை. கடைசிப் பகுதியான சுயபராமரிப்பில் 0.5 என்ற கட்டமே கிடையாது. புதியவர்கள் பலர் இதை மறந்து எழுதிவிடுகிறார்கள்.

பார்க்கின்சனில் பேச்சைவிடக் கண்ணுக்கு வேலை அதிகம். எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ். என்ற பார்க்கின்சன் அளவுகோலில், அசைவுகளைப் பரிசோதிக்கும் மூன்றாம் பகுதியின் விதி, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்பது. விரல் தட்டும் சோதனையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடிந்தவரை அகலமாக விரித்து, முடிந்தவரை வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்வோம். எப்படி என்று செய்து காட்டிவிட்டு, அவர் ஆரம்பித்ததும் உங்கள் கையை இறக்கிவிடுங்கள். கூடவே நீங்களும் தட்டிக்கொண்டிருந்தால் உங்கள் தாளம் அவர் விரலைத் தாங்கிப் பிடித்துவிடும். வீச்சு எங்கே குறையத் தொடங்குகிறது என்று பாருங்கள். பத்தின் முடிவில் என்றால் 1, நடுவில் என்றால் 2, முதல் தட்டு முடிந்ததுமே சுருங்கினால் 3. இரண்டு கைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சில விசிட்டுகளில் முந்தைய இரவிலிருந்து, வழக்கமான பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா எடுக்காமல் வரச் சொல்வோம். பன்னிரண்டு மணி நேரம் மருந்தில்லாமல் வருகிறவருக்கு ஒவ்வொரு அடியும் பாரம். அவருக்கு நாளின் முதல் நேரத்தை ஒதுக்குங்கள். வாசலிலேயே சக்கர நாற்காலி நிற்கட்டும். அன்றைய மாத்திரையும் தண்ணீரும் பரிசோதனை அறையிலேயே இருக்கட்டும். பரிசோதனை முடிந்த உடனே மாத்திரை, மற்ற எல்லா ஃபாரமும் அதற்குப் பிறகு. பிரியத்தைக் காட்ட இடம் இதுதான்.

ஏ.எல்.எஸ். நோயில் 48 புள்ளி கொண்ட அளவுகோல், பன்னிரண்டு கேள்விகள். இதில் எண் குறையக் குறைய நிலை மோசம். “டிரஸ் பண்றது எப்படி இருக்கு?” என்றால் “நானே போட்டுக்கறேன்” என்று வரும். அதோடு விடாதீர்கள். “காலைல மணியாயிடுச்சுன்னா பட்டனை யார் போட்டு விடுறாங்க?” என்று கேளுங்கள். பக்கத்தில் மனைவி தலை குனிந்தால் பதில் கிடைத்துவிட்டது. சிரமப்பட்டாலும் தானே முழுவதும் செய்கிறார் என்றால் 3, அவ்வப்போது இன்னொருவர் கை தேவைப்பட்டால் 2. ஒப்பிட வேண்டியது போன மாதத்தோடு அல்ல, நோய் வருவதற்கு முன்பு இருந்த நிலையோடு.

சிகிச்சையைக் கவனிக்கிற டாக்டரும் ஸ்கோர் போடுகிற டாக்டரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது. பல புரோட்டோகால்களில், அதாவது ட்ரையலை நடத்தும் விதித்திட்டங்களில், அது கட்டாயம். மருந்து ஏற்றும்போது குளிர் எடுத்ததையோ, ஸ்கேனில் வந்த மாற்றத்தையோ பார்த்தவர் இவருக்கு உண்மையான மருந்துதான் போகிறது என்று ஊகித்துவிடுவார். ஊகம் கையை இழுக்கும். பார்க்கின்சனுக்காகக் கருவிலிருந்து எடுத்த திசுவை மூளையில் வைக்கும் அறுவை சிகிச்சை ஒன்றைப் பிளாசிபோ அறுவையோடு ஒப்பிட்ட ஆய்வு 2001இல் வெளியானது. பிளாசிபோ குழுவினருக்கும் மண்டை ஓட்டில் துளை போட்டிருந்தார்கள். தனக்குத் திசு வைக்கப்பட்டது என்று நம்பியவர்கள், எந்தக் குழுவில் இருந்தாலும், வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகச் சொன்னதைப் பின்னால் கண்டார்கள். மருத்துவ ஊழியர்களின் மதிப்பீடும் அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது. “எனக்கு எது போகுதுன்னு நினைக்கிறீங்க டாக்டர்?” என்று கேட்பார்கள். “எனக்கும் தெரியாதுங்க, ஊகிக்கவும் மாட்டேன்” என்று சொல்லப் பழகுங்கள்.

கன்சென்ட், அதாவது நோயாளி தரும் சம்மதம், பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கையெழுத்து வாங்குவதை ஒரே உட்காரலில் முடிக்கக் கூடாது. படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், மறுபடி வரட்டும். “நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். புரிந்திருக்கிறதா, தனக்குப் பொருந்துவதாக உணர்கிறாரா, காரணம் சொல்லி யோசிக்கிறாரா, முடிவைத் தெளிவாகச் சொல்கிறாரா என்ற நான்கையும் பாருங்கள். பலரும் ட்ரையலைச் சிகிச்சை என்றே நினைத்து வருகிறார்கள். செமகாசெஸ்டாட் என்ற அல்சைமர் மருந்து 2010இல் நிறுத்தப்பட்டது, அதை எடுத்தவர்களின் நிலை பிளாசிபோ எடுத்தவர்களைவிட மோசமானதால். ஹன்டிங்டன் நோய்க்கான டோமினர்சென் பெரிய சோதனையிலும் 2021 மார்ச்சில் மருந்து கொடுப்பதை நிறுத்தினார்கள். இந்த இரண்டையும் நான் குடும்பத்தாரிடம் பெயர் சொல்லியே சொல்கிறேன். பயந்து திரும்பிப் போகிறவர்கள் சிலர் உண்டு. போகட்டும், அது அவர்கள் உரிமை.

இன்று தெளிவாகக் கையெழுத்துப் போடுகிறவர் சோதனை முடிவதற்குள் அந்தத் தெளிவை இழக்கலாம். அவருக்காக யார் முடிவெடுப்பார் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு ஒருநாள் அவர் ஊசிக்குக் கையை இழுத்துக்கொண்டால், மகன் “பரவாயில்ல, போடுங்க” என்றாலும் நிறுத்துங்கள்.

பாதுகாப்பில் அமிலாய்டு எதிர்ப்பு மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். லெகனமாப் பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் மூளை நீர்க்கோப்பு தெரிந்தது. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் அபோஇ4 மரபணு இரண்டு பிரதிகள் உள்ளவர்களிடம் அது 32.6 சதவீதம். பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்குத் தலைவலி, குழப்பம், பார்வைக் கோளாறு வரும். பக்கவாதம் போலவும் தோன்றலாம். அங்கேதான் ஆபத்து. லெகனமாப் எடுத்த ஒருவருக்குப் பக்கவாதம் என்று ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்து, மூளை முழுக்க ரத்தக்கசிவு வந்து அவர் இறந்தது பதிவாகியிருக்கிறது. எனவே எந்த ட்ரையல், எந்த மருந்து, எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று எழுதிய அட்டை நோயாளியின் பர்ஸில் ஒன்று, உடன் இருப்பவரிடம் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு விசிட்டிலும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதுகுத் தண்டுநீர் எடுப்பதில் இரண்டு விஷயம். முனை மழுங்கிய ஊசி பயன்படுத்துங்கள், தலைவலி குறையும். பாலிப்ரோப்பிலீன் குழாயில்தான் பிடிக்க வேண்டும். கண்ணாடியிலோ பாலிஸ்டைரீனிலோ அமிலாய்டு சுவரில் ஒட்டிக்கொண்டு, இருக்கும் அளவைவிடக் குறைத்துக் காட்டும். ஒருவர் முதுகை வளைத்துப் படுத்துக் கொடுத்த நீரைத் தப்பான குழாயில் பிடித்து வீணாக்கக் கூடாது.

பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் நோயுள்ள குடும்பங்களில் வாய் மிகக் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். மரபணு கண்டறியப்பட்ட 1993இலிருந்து அதையே நேரடியாகப் பரிசோதித்து நோய் வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. ஆனால் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நிறைய, அது அவர்கள் உரிமை. தம்பியின் முடிவை அண்ணனிடம் பார்வையால்கூடக் காட்டிவிடாதீர்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜி.சி.பி. என்ற, ட்ரையல் நடத்துவதற்கான சர்வதேச நெறிமுறையில் பயிற்சி முடித்து, பொறுப்புப் பட்டியலில் உங்கள் பெயரும் கையெழுத்தும் ஏறிய பிறகுதான் நோயாளியைத் தொடலாம். அந்த நெறிமுறையின் புதிய பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது, பழையதைப் படித்தவர்களும் மறுபடி படியுங்கள். தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் இடுங்கள். மறைக்கும் மை வேண்டாம். கடுமையான பாதிப்பு தெரிந்தால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் நடத்தும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கோ-ஆர்டினேட்டரைக் கேளுங்கள், புரோட்டோகாலை நம்மைவிட நன்றாகப் படித்திருப்பவர் அவர்.

சேர்க்க முடியாது என்று சொல்வதையும் நீங்களே நேரில் செய்யுங்கள், ஃபோனில் வேறொருவர் சொல்ல விடாதீர்கள். பெட் ஸ்கேனில் அமிலாய்டு இல்லை என்று வந்தால், அவருக்கு அல்சைமர் இல்லை என்ற பெரிய செய்தியும் அதற்குள் இருக்கிறது. அப்படியானால் என்ன நோய், அடுத்து யாரிடம் போவது என்பதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

ட்ரையல் முடிந்து முடிவுகள் வெளியானதும் ஒவ்வொரு குடும்பத்தையும் அழைத்துப் பேசுங்கள், இறந்துபோனவர்களின் குடும்பத்தையும் சேர்த்து. அவருக்கு உண்மையில் எது கொடுக்கப்பட்டது, அந்த மருந்து இனி கிடைக்குமா, அடுத்த விசிட்டுக்கு யாரிடம் வருவது என்று மூன்றையும் கேட்பார்கள்.