ஜரிகை ஒளிர்வை அடக்கிய விதம்

ஃபேஷன் கம்யூனிகேஷன் படிப்பில் என் முதல் தனித் திட்டப்பணி, மும்பை மாட்டுங்காவில் நம்மவர்கள் உடுத்தும் காஞ்சிபுரம் பட்டு பற்றிய 16 பக்கச் சிறு புத்தகம். படத்தில் ஜரிகை வெள்ளைத் திட்டாகவே விழுந்தது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா (தறியில் ஊடு இழையைக் கொண்டுசெல்லும் கருவி) ஓட்டிக் கோக்கும் கோர்வை நெசவு படத்தில் தெரியாவிட்டால் அந்தப் புடவையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

ஃபிளாஷை அணைத்தேன். ஜன்னலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி புடவையை விரித்தேன். அரக்கும் பச்சையும் சேரும் இடத்தில் இழைகள் பல் பல்லாக எழுந்து நின்றன. "இதைத்தானேடி தொட்டுப் பார்த்து வாங்குவோம்!" என்றார் பெரியம்மா. அதுவே அட்டைப்படமாயிற்று.

அச்சில் அரக்கு மங்கியது. கணினித் திரைக்கு மூன்று ஒளிநிறங்கள், அச்சுக்கு நான்கு மைகள். கோப்பை அச்சு நிறமுறைக்கு மாற்றி, ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டு, புடவைமேலேயே வைத்து ஒப்பிட்டுத் திருத்தினேன்.