நனைந்த சப்பாத்துக்குப் பழைய நாளிதழ்

செம்பனைத் தோட்டப் பாதையில் காலை நடை போய்ச் சப்பாத்து நனைந்துவிட்டால், உள்மெத்தையை உருவிவிட்டு, பழைய நாளிதழைக் கசக்கி நுனிவரை திணித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். இந்த முதல் மாற்றம்தான் முக்கியம். அப்புறம் இரவு முழுக்க விசிறிக்கு முன்னால் விடுங்கள்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். வாசலில் சும்மா வைத்தால் உள்ளே லேசில் காயாது, நாற்றமும் வந்துவிடும். நாளிதழ்த் தாளில் வழவழப்புப் பூச்சு இல்லாததால் நீரை நன்றாக உறிஞ்சும். குளிர் நாடுகளில் பனிச்சறுக்குப் பாதையில் நனைந்த சப்பாத்துக்கும் இப்படிச் செய்வதுண்டு. அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், பசை விட்டுப்போகும்.

வெள்ளைச் சப்பாத்தில் மை ஒட்டும். அதற்குப் பழைய துணிதான் சரி. ரப்பர் பூட்ஸ் என்றால் முதலில் கவிழ்த்து வைத்து உள்ளே தேங்கிய நீரை வடிய விடுங்கள்.