காட்டுச் செம்மறியை நம் ஊர் ஆட்டை வைத்து அளக்காதீர்கள்

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் செம்மறியையும் வெள்ளாட்டையும் தொலைவிலிருந்தே பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் வேலூர்ப் பக்கத்தில் ஏராளம். ஆயினும் மலைகளில் வாழும் காட்டுச் செம்மறியைப் பற்றிப் பேச்செழும்போது அவர்களும் தடுமாறுவதுண்டு.

செம்மறி என்றால் உடல் முழுதும் சுருள்கம்பளி இருக்கும் என்பது பாடப்புத்தகப் படங்கள் தந்த எண்ணம். காட்டுச் செம்மறியின் மேல்தோலில் மானுக்கு இருப்பதைப் போன்ற சொரசொரப்பான முடியே காணப்படும். குளிருக்காக அதனடியில் வளரும் மென்மயிர் கோடை நெருங்கும்போது தானாக உதிர்ந்துவிடும். நீண்ட கம்பளி, மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவு. நம் வட்டாரத்து மெட்ராஸ் ரெட் செம்மறிக்கும் முடிதான் உண்டு என்பதால், இவ்விஷயத்தில் படத்தைவிடப் பட்டியை நம்பலாம்.

கொம்பைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரிது. புள்ளிமானின் கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். செம்மறியின் கொம்போ எலும்பின் மீது படர்ந்த உறையாக ஆயுள் முழுதும் வளர்வது. குளிர்காலத்தில் அவ்வளர்ச்சி தளர்வதால் உண்டாகும் வளையங்களைக் கொண்டு கடாவின் வயதைக் கணிக்கலாம். வட அமெரிக்கப் பெருங்கொம்புச் செம்மறிக் கடாவின் கொம்புகள் மட்டுமே 14 கிலோ வரை எடையிருக்கும். பெட்டைக்கும் சிறிய கொம்பு உண்டு. அதைக் கண்டு இளங்கடா என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மலைச்செம்மறி என்றாலே செங்குத்துப் பாறையில்தான் நிற்கும் என்பதும் பாதி உண்மையே. பெருங்கொம்புச் செம்மறி பாறைமுகத்துக்கு அருகிலுள்ள சரிவுகளில் மேய்ந்து, ஓநாய் வந்தால் பாறையில் ஏறிவிடும். லடாக்கின் உயர்ந்த திறந்தவெளிகளில் வாழும் ஆர்கலி என்னும் காட்டுச் செம்மறி, நீண்ட கால்களைக் கொண்டது. ஓடித் தப்புவதே அதன் வழி. யூரியல் என்னும் மற்றொரு காட்டுச் செம்மறி அதே லடாக்கில், சிந்து, ஷியோக் ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டிய தாழ்ந்த சரிவுகளை நாடுகிறது. வயலும் சாலையும் ஊரும் அமைவது அங்கேதான் என்பதால், மூன்றில் இதன் நிலையே எனக்கு மிகவும் கவலையளிக்கிறது.

பெயரும் ஏமாற்றும். நீலச் செம்மறி எனப்படும் இமயமலை விலங்கான பாரல், மரபணு அடிப்படையில் வெள்ளாட்டுக்கு நெருக்கமானது. அதற்கு நேர்மாறாக, வெள்ளாட்டினமாகப் பலர் கருதும் நம் மாநில விலங்கான வரையாடு, செம்மறிக்கே நெருங்கிய உறவு என 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஜவ்வாது மலையும் ஏலகிரியும் இருக்கையில் அங்கும் வரையாடு இருக்குமே என்று சிலர் கேட்பதுண்டு. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய விலங்கு. பாறைமுகங்களை ஒட்டிய உயரமான புல்வெளிகள் அதற்கு வேண்டும். நம் மலைகளில் பெரும்பாலும் இலையுதிர் காடுகளே இருக்கின்றன.

வீட்டுச் செம்மறியைக் காட்டுச் செம்மறியின் மேய்ச்சல் நிலத்தில் விடுவதால் புல் மட்டுமே குறையும் என்று நினைப்பதும் தவறு. வீட்டு ஆட்டின் மூக்கில் தொல்லையின்றி இருந்துவரும் கிருமிகள், பெருங்கொம்புச் செம்மறிக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கி மந்தைகளையே அழித்திருக்கின்றன. நோயிலிருந்து மீண்ட பெட்டைகளிடமிருந்து அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறக்கும் குட்டிகளுக்கும் அது தொற்றுகிறது. கிடையில் ஓர் ஆடு மூக்கொழுகி நின்றாலே அதைத் தனியே பிரித்துக் கட்டும் நம் ஆட்டுக்காரர்களுக்கு, இரண்டையும் ஏன் கிட்டே விடக்கூடாது என்று விளக்கத் தேவையில்லை.