நவூருவின் ஆட்சியமைப்பை விளக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசிபிக் பெருங்கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட நவூருவுக்குக் குடியரசுத் தலைவர் இருப்பதால், அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. 1968ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டப்படி, மக்கள் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்ற உறுப்பினர்களை மட்டுமே. அவ்வுறுப்பினர்கள் கூடித் தங்களுள் ஒருவரைக் குடியரசுத் தலைவராக்குகிறார்கள். நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் அவரே என்பதால், அவரை இந்தியக் குடியரசுத் தலைவரைப் போன்ற சம்பிரதாயத் தலைவராகக் கருதுவதும் தவறாகும்.

அதே வேளையில், நிறைவேற்றதிகாரம் முழுவதும் அவர் கையில் இருப்பதாகவும் கொள்ளக்கூடாது. அரசமைப்பு அந்த அதிகாரத்தை அமைச்சரவையிடமே ஒப்படைத்திருக்கிறது. குடியரசுத் தலைவரும் அவர் உறுப்பினர்களிலிருந்து நியமிக்கும் நான்கைந்து அமைச்சர்களும் அடங்கிய அவ்வவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கிறது. அமைச்சர்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால் ஒருவரே பல துறைகளைக் கவனிப்பது அங்கே இயல்பு. அதை ஏதோ நெருக்கடியின் அறிகுறியாக வாசிக்க வேண்டியதில்லை.

நாடாளுமன்ற அவைத்தலைவர் (சபாநாயகர்) பதவியை வெறும் அலங்காரமாகக் கடந்து செல்வது, என் பார்வையில், இவற்றைவிடப் பெரிய தவறு. அவைத்தலைவர் குடியரசுத் தலைவராக முடியாது. வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தாலன்றி அவர் வாக்களிக்கவும் முடியாது. ஆகவே சிறிய அவையில் அந்த நாற்காலியை ஏற்கும் தரப்பு தன் வாக்குகளில் ஒன்றை இழக்கிறது. உறுப்பினர்கள் 18 பேராக இருந்த 2010இல், ஏப்ரல் தேர்தலுக்குப் பின் அவை ஒன்பதுக்கு ஒன்பது எனப் பிளவுபட்டு நின்றது. ஜூனில் மீண்டும் தேர்தல் நடத்தியும் முட்டுக்கட்டை தீரவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் லுட்விக் ஸ்காட்டி அவைத்தலைவராக ஒப்புக்கொண்ட பிறகே, நவம்பரில் மார்கஸ் ஸ்டீபன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2013 தேர்தலிலிருந்து உறுப்பினர் எண்ணிக்கை 19 ஆனதை இந்தப் பின்னணியோடு சேர்த்தே விளக்க வேண்டும்.

‘ஆளுங்கட்சி’, ‘பெரும்பான்மைக் கட்சி’ என்று எழுதும் பழக்கமும் இங்கே பொருந்தாது. உறுப்பினர்களில் மிகப் பலர் சுயேச்சைகள். அணிகள் ஆட்களைச் சுற்றி உருவாகிக் கலைகின்றன.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் உடனே பொதுத்தேர்தல் வரும் என்று கருதுவதும் சரியன்று. மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதோர், அதாவது இன்றைய அவையில் பத்துப் பேர், ஆதரித்தால் குடியரசுத் தலைவரும் அமைச்சர்களும் ஒருசேரப் பதவியிழக்கிறார்கள். அதன்பின் ஏழு நாள்களுக்குள் புதியவர் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால்தான் நாடாளுமன்றம் கலைகிறது. 2023 அக்டோபரில் ரஸ் குன் இவ்வாறு நீக்கப்பட்டபோது, அதே மாத இறுதியில் டேவிட் அடியாங் தேர்ந்தெடுக்கப்பட்டார்; வாக்காளர்கள் சாவடிக்குச் செல்லாமலேயே நாட்டின் அரசு மாறியது.