பேத்திக்கு ஆர்தர் ரான்சமை வாசித்துக் காட்டிய விதம்

ஆங்கிலச் சிறுவர் நாவலாசிரியர் ஆர்தர் ரான்சம் எழுதி 1930-ல் வெளிவந்த 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' நாவலை, நான்கு பிள்ளைகள் பாய்ப்படகில் ஏரித் தீவுக்குப் போகும் கதையை, ஒன்பது வயதுப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் நாளே தூங்கிவிட்டாள். குறை கதையில் இல்லை. காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று நான் அவளுக்குக் காட்டவில்லை. பாய்ப்படகுக் கதையில் அது தெரியாமல் ஒன்றுமே புரியாது.

ஆகவே முதலில் பிள்ளையை மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள். முதல் பக்கத்தில் ஏழு வயது ரோஜர் ஏரிக்கரையிலிருந்து மேட்டில் நிற்கும் அம்மாவிடம் நேராக ஓடிவருவதில்லை. தன்னைப் பாய்க்கப்பலாக நினைத்துக்கொள்கிறான், காற்று எதிரே. பாய்க்கப்பல் எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற முடியும். காற்றை முகத்தில் வாங்கியபடி பிள்ளையும் அப்படி ஓடட்டும். பிறகு பக்கத்தைத் திறங்கள்.

ஆங்கிலத்தில் ஒரு பத்தி, தமிழில் அதன் கதை என்று போனால் போதும். கதைப் பிள்ளைகளின் அப்பா அனுப்பும் தந்தியை மட்டும் தந்தியாகவே சொல்லுங்கள்: "அசடரானால் மூழ்குவதே மேல் அசடரல்ல எனில் மூழ்கார்." நான்கு பிள்ளைகளும் தனியே தீவுக்குப் போகக் கிடைத்த அனுமதி அது. விளக்கவே வேண்டாம்.

தீவை உலக வரைபடத்தில் தேடாதீர்கள். இங்கிலாந்தின் விண்டர்மியர், கோனிஸ்டன் ஏரிகளைக் கலந்து ரான்சம் தம் ஏரியை உண்டாக்கினார். புத்தகத்திலுள்ள வரைபடமே போதும். பிள்ளை அதைப் பார்த்து வரையட்டும்.

தீவின் ரகசியத் துறைமுகம் வரும்போது அவசரப்படாதீர்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் அது. பாறைகளுக்கு நடுவே படகை நுழைக்க இரண்டே அடையாளங்கள்: முன்னால் வெள்ளைச் சிலுவைக் குறியிட்ட அடிமரம், பின்னால் கவைமரம். இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் வழி சரி. கூடத்தில் ஒரு டம்ளரும் அதன் பின்னால் ஒரு செம்பும் வைத்து நடந்து பாருங்கள். டம்ளர் வலப்பக்கம் விலகினால் நீங்கள் இடப்பக்கம் போய்விட்டீர்கள் என்று பொருள். என் பேத்தி அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு டார்ச்சுகளை வைத்து நடந்தாள். கதையில் மூத்த பிள்ளை ஜான் லாந்தர்களை வைத்துச் செய்வதும் அதுதான்.

வரிசையில் மொத்தம் 12 நாவல்கள். அடுத்து 'ஸ்வாலோடேல்'. 1937-ல் வந்த 'வி டிடின்ட் மீன் டு கோ டு சீ' நாவலைப் பிள்ளைக்குப் பத்து வயது தாண்டும்வரை எடுத்து வையுங்கள். மூடுபனியில் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்திலிருந்து அடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் இரவெல்லாம் கடலில் போய் ஹாலந்தில் கரையேறுகிறார்கள். அதை விடுமுறை நாளில் ஆரம்பியுங்கள். கரை தெரியும்வரை நிறுத்தாதீர்கள்.