புது ரைஃபிள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் உண்டு. ஓய்வு பெற்று வந்து, காவல் வேலைக்காக உரிமம் எடுத்து .315 போல்ட் ரைஃபிள் (போல்ட் என்னும் அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவது) வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது இஷாப்பூர் தொழிற்சாலையின் தயாரிப்பு, லீ-என்ஃபீல்ட் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் போல்ட் அமைப்பைக் கொண்டது.

கடையில் கையில் எடுத்ததும் மரக்கட்டையின் பாலிஷையும் பேரலின் (குழல்) கறுப்பையும் பார்த்துத் தரத்தை முடிவு செய்வதுதான் பெரிய தவறு. வெளியே அரம் பட்ட கோடு தெரிந்தால் அது அழகுக் குறை மட்டுமே. அதே சொரசொரப்பு தோட்டா உட்காரும் சேம்பருக்குள் இருந்தால் சுட்ட கேஸ் (தோட்டாவின் வெற்றுக்கூடு) ஒட்டிக்கொண்டு வெளியே வராது. துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பேரலைப் பாருங்கள். தொழிற்சாலை கிரீஸ் அப்பியிருக்கும். துடைக்காமல் பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது. துடைக்காமல் சுடவே கூடாது. பேரலின் வாய் விளிம்பில் நசுங்கல் இருந்தால் வேறு ரைஃபிள் கேளுங்கள், குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அதுதான்.

போல்ட்டை மூடும்போது முன்னால் தள்ளக் கொஞ்சம் பலம் தேவைப்படுகிறதே, இது பழுதா என்று கேட்பார்கள். இல்லை. லீ-என்ஃபீல்டில் மூடும்போதுதான் சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுகும். மவுசர் 98 என்ற ஜெர்மன் ரைஃபிள் வகையில் திறக்கும்போது இறுகும். இது தெரியாமல் போல்ட்டை அரத்தால் தேய்க்கச் சொல்வது நல்ல துப்பாக்கியைக் கெடுக்கிற வேலை.

அதைவிட ஆபத்தானது, ஒரே மாடல்தானே என்று இன்னொரு ரைஃபிளின் போல்ட்டைப் போடுவது. போல்ட் முகத்துக்கும், தோட்டாவை மேலே போகவிடாமல் நிறுத்துகிற சேம்பர் பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். .315 தோட்டாவுக்கு விளிம்பு உண்டு, அந்த விளிம்பில்தான் தோட்டா நிற்கிறது. இடைவெளி கூடினால் கேஸ் இழுபட்டு அடிப்பக்கம் கிழியலாம். வெந்த வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கி வரும். ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 'கோ' கேஜில் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ'வில் மூடக் கூடாது. இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

அப்புறம் மரக்கட்டை. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் மரம் காய்ந்து சுருங்கும், திருகு தளரும், குண்டு படும் இடம் மாறும். உடனே பேரல் சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். முதலில் திருகைப் பாருங்கள், பொருத்தமான ஸ்குரூடிரைவரால் மட்டும். குண்டுகள் நெருக்கமாக ஓர் ஓரத்தில் விழுந்தால் பேரல் நன்றாகத்தான் இருக்கிறது. சரிசெய்ய வேண்டியது குறிபார்க்கும் சைட்டை. சிதறி விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அதுவும் ஒரே தயாரிப்புத் தோட்டாவால், அனுமதி பெற்ற ரேஞ்சில் சுட்டுப் பார்த்த பிறகு.

தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பி வரும் துப்பாக்கியில் துரு ஏறியிருந்தால் தொழிற்சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்படைப்பதற்கு முந்தின நாளே புல்த்ரூ (பேரலுக்குள் துணியை இழுக்கும் கயிறு) போட்டு, பேரலுக்கும் போல்ட்டுக்கும் எண்ணெய் தடவி, திரும்பக் கிடைத்த அன்றே மறுபடியும் துடைத்துவிடுங்கள்.